போன வருஷத்து ஃபில்டர் ஏன் இன்று கூச்சமாக இருக்கிறது?

பல வருஷமாக இன்ஸ்டாகிராமில் இருக்கும் ஒருவரின் கணக்கைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போங்கள். தேதியைப் பார்க்காமலேயே எந்த ஆண்டுப் படம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சதுரப் படம், நான்கு மூலையும் இருட்டு, நடுவில் மட்டும் மஞ்சள் வெயில் என்றால் 2011 அல்லது 2012. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்து வெளுத்திருந்தால் 2014ஐ ஒட்டி. தலையில் நாய்க்காது முளைத்து, வாயைத் திறந்தால் நீள நாக்கு தொங்கினால் 2016. நண்பர் திடீரென்று ஓவியத்தில் வரைந்த விண்வெளி வீரராக மாறியிருந்தால் 2022 கடைசி. குடும்பமே ஜப்பானிய கார்ட்டூன் ஆகியிருந்தால் 2025 மார்ச் இறுதி. ஏப்ரல் பாதிக்குள் அந்த அலையின் வேகம் அடங்கிவிட்டது.

ஆளுக்கு எவ்வளவு வயதாகியிருக்கிறது என்று பார்க்கவே வேண்டியதில்லை. படத்தின் மேல் என்ன பூசியிருக்கிறது என்பதே ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும். பெல்பாட்டத்தைப் பார்த்ததும் எழுபதுகள் என்கிறோமே, அதே கணக்குதான். ஃபோட்டோ எஃபெக்டுகளும் உடைகளைப் போலவே வருகின்றன, பரவுகின்றன, திகட்டுகின்றன, ஒதுக்கப்படுகின்றன, பிறகு வேறு பெயரில் திரும்பி வருகின்றன. இது எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது

டிஜிட்டல் படம் என்பது லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் பொதுவாக 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 0 என்றால் கன்னங்கரேல். மூன்றும் 255 என்றால் வெள்ளைவெளேர். வண்ண ஃபில்டர் செய்கிற வேலை இந்த எண்களை வேறு எண்களாக மாற்றுவதுதான். ‘0 வந்தால் 30 கொடு, 128 வந்தால் 135 கொடு, 255 வந்தால் 240 கொடு’ என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையைக் கோடாக வரைந்தால் அதற்குப் பெயர் கர்வ்.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். 0 இருந்த இடத்துக்கு 30 வந்துவிட்டதால் படத்தில் முழுக் கறுப்பு என்பதே இல்லாமல் போகிறது. கூந்தல், நிழல், இரவு வானம் எல்லாம் கரிய சாம்பலாகின்றன. 255க்கு 240 கொடுத்ததால் வெள்ளையும் மங்குகிறது. ஆல்பத்தில் பல வருஷம் கிடந்து சாயம் போன படம் இப்படித்தான் இருக்கும். 2013, 2014 வாக்கில் விஎஸ்சிஓ செயலி பரப்பிய அந்த வெளுத்த தோற்றத்தின் மூலம் இந்த ஒரு தந்திரம்தான். நீலத்துக்கு மட்டும் 0க்குப் பதில் 45 கொடுத்தால் நிழல்களில் நீலம் ஏறும். அதற்கு இன்னொரு பெயர் வைத்தால் இன்னொரு ஃபில்டர்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படத்தின் மேல் எதையாவது ஒட்டுவது ஒரு வகை: புள்ளிப்புள்ளியான கிரெயின், ஓரத்தில் சிவப்பாக வழியும் ஒளிக்கசிவு, கீறல், வெள்ளைச் சட்டகம், மூலையில் ஆரஞ்சு நிறத் தேதி. கண் ஓரம், மூக்கு நுனி, உதடு, தாடை என்று முகத்தின் புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவற்றை ஒரு வலையாகப் பின்னி, அந்த வலையை இழுத்தோ அதன் மேல் வரைந்தோ காட்டுவது அடுத்த வகை. நாய்க்காது, மெலிந்த முகம், பெரிய கண் எல்லாம் இதில் அடங்கும். கடைசியாக வந்தது, படத்தை வெறும் குறிப்பாக வைத்துக்கொண்டு ஏஐ புதிதாக வரைந்து தருவது. இந்த நான்கும் தொழில்நுட்பத்தில் வெவ்வேறு. மவுசு ஏறி இறங்குவதில் மட்டும் நான்கும் ஒரே ஜாதி.

கோளாறு அலங்காரமான கதை

2010இல் கைபேசி கேமராக்கள் சுமார்தான். வெளிச்சம் குறைந்தால் படம் சேறு. ஹிப்ஸ்டமாடிக் என்ற ஐபோன் செயலி 2009 டிசம்பரில் வந்தது. மலிவான பிளாஸ்டிக் கேமராவில் எடுத்தாற்போல, நிறம் பிசகி, ஓரம் இருண்ட சதுரப் படங்களைத் தந்தது. கைபேசி கேமராவின் குறையை மறைக்க முடியாதபோது, வேண்டுமென்றே செய்த குறைபோலக் காட்டுவது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஆப்பிள் 2010இன் சிறந்த ஐபோன் செயலியாக இதைத்தான் அறிவித்தது.

2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. அது வெளியாவதற்கு முன் அதன் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ராம் மெக்சிகோவில் விடுமுறையில் இருந்தார். அவருடைய காதலி, ‘என் படங்கள் உன் நண்பர் போடுவதுபோல அழகாக இல்லை, நான் இதில் எதுவும் போடப்போவதில்லை’ என்றாராம். நண்பர் ஃபில்டர் செயலிகளைப் பயன்படுத்துகிறார் என்று சிஸ்ட்ராம் சொல்ல, ‘அப்படியானால் நீயும் ஃபில்டர் வைக்க வேண்டியதுதானே’ என்று பதில் வந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அவர் எழுதிய முதல் ஃபில்டர்தான் எக்ஸ்-ப்ரோ டூ. ஒரு சாதாரண ஆளின் கூச்சத்தைப் போக்கப் பிறந்த பொருள் அது. இந்தக் கூச்சம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வரும்.

எக்ஸ்-ப்ரோ என்ற பெயரே ஒரு இருட்டறைத் தவறிலிருந்து வந்தது. ஸ்லைடு ஃபிலிமை அதற்குரிய ரசாயனத்தில் கழுவாமல், சாதாரண நெகட்டிவ் ஃபிலிமுக்கான ரசாயனத்தில் கழுவினால் நிறங்கள் தாறுமாறாகும். நிழலில் நீலம், வெளிச்சத்தில் மஞ்சள், காண்ட்ராஸ்ட் கன்னாபின்னா. இதற்கு கிராஸ் ப்ராசஸிங் என்று பெயர், சுருக்கமாக எக்ஸ்-ப்ரோ. முதலில் தவறாக நடந்தது, பிறகு ஃபேஷன் புகைப்படக்காரர்கள் வேண்டுமென்றே செய்தது, கடைசியில் ஒரு விரல் தட்டலில் வந்து நின்றது.

இந்த வரிசையை நீங்கள் எங்கே தேடினாலும் காணலாம். மூலை இருட்டு என்பது லென்ஸ் ஓரத்துக்குப் போதிய ஒளியைக் கொண்டுசேர்க்காத குறை. லென்ஸ் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஒழிக்கப் பாடுபட்டார்கள். ஒளிக்கசிவு என்பது கேமராப் பெட்டி சரியாக மூடாத குறை. கிரெயின், வேகமான ஃபிலிமின் குறை. ஓர் ஊடகம் உயிரோடு புழங்கும்வரை அதன் குறை வெறும் தொல்லை. அது வழக்கொழிந்ததும் அதே குறை அந்தக் காலத்தின் வாசனையாகிவிடுகிறது. போலராய்டு நிறுவனம் உடனடி ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக 2008இல் அறிவித்தது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதே ஆண்டு ஏப்ரலில், ஃபிலிமைப் போலப் படம் காட்டிய இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. இன்ஸ்டாகிராமில் அப்போது வேலை பார்த்தவர்கள் 13 பேர். பழையன கழிந்து புதியன புகுவதுதான் வழக்கம். இங்கே கழிந்த பழையதே புதியதாக வேஷம் போட்டுப் புகுந்தது.

இது கைபேசிக் காலத்தில் தொடங்கியதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகைப்படக்காரர்கள் பலர் தங்கள் படங்கள் ஓவியம்போலத் தெரிய வேண்டும் என்று லென்ஸைக் கலங்கவைத்தார்கள், அச்சிடும்போது தூரிகையால் தீட்டினார்கள். பிக்டோரியலிசம் என்று அதற்குப் பெயர். அது ஊரெல்லாம் பரவி அலுத்த பிறகு, 1932இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் கலிஃபோர்னியாவில் எஃப்-64 என்ற குழுவைத் தொடங்கினார்கள். லென்ஸின் மிகச் சிறிய துளை அளவின் பெயர் அது. முன்னிருந்து பின்வரை அத்தனையும் கூர்மையாக இருக்க வேண்டும், பூச்சு வேலை கூடாது என்பது அவர்கள் கட்சி. ‘நோ ஃபில்டர்’ ஹேஷ்டேக்குக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு முந்தைய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏறுவது எப்படி

ஒரு புது எஃபெக்ட் முதலில் சிலர் கையில் மட்டும் இருக்கும். அவர்கள் செயலிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்கள், அல்லது காட்சிப்படுத்துவதே தொழிலாக உள்ளவர்கள். அவர்கள் போடும் படத்தைப் பார்க்கிறவருக்கு ‘இது என்ன, எப்படிச் செய்தாய்?’ என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விதான் அதன் மூலதனம். கேள்வி இருக்கும்வரை எஃபெக்டுக்கு மதிப்பு உண்டு.

புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்பதை எவரெட் ராஜர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1962இல் ஐந்து கூட்டமாகப் பிரித்தார். முதலில் துணிகிறவர்கள் 2.5 சதவீதம். அவர்களைப் பார்த்து உடனே எடுத்துக்கொள்பவர்கள் 13.5 சதவீதம். பிறகு முன்பாதிக் கூட்டம் 34, பின்பாதிக் கூட்டம் 34. கடைசியில் வருகிறவர்கள் 16. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, ரோஜா மட்டும் சிவப்பு என்று இன்றைக்கும் யாராவது போடுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கடைசிக் கூட்டம். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, ஃபேஷனைப் பற்றிக் கவலை இல்லை. ஒருவகையில் எல்லோரிலும் சுதந்திரமானவர்கள் அவர்கள்தான்.

நடுக்கூட்டம் சேர்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பழக்கம். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே அது கொஞ்சம் பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஜயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டினார். நாய்க்காதை முதல் தடவை பார்த்தபோது அசட்டுத்தனமாகத் தெரிந்தவர்களுக்கும் இருபதாவது தடவை போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது இதனால்தான். இன்னொன்று, பலன். ஃப்ளிக்கர் தளப் படங்களை வைத்து யாஹூ ஆய்வகமும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டர் போட்ட படங்கள் பார்க்கப்படும் வாய்ப்பு 21 சதவீதமும் கருத்துரை பெறும் வாய்ப்பு 45 சதவீதமும் கூடுதல் என்று தெரியவந்தது. லைக் விழுகிற இடத்தில் ஆள் கூடத்தானே செய்யும்.

இதோடு செயலிகளின் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் ஓர் எஃபெக்ட் வேண்டுமென்றால் செயலியைத் தேடி இறக்கி, கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். ஸ்னாப்சாட் 2015இல் லுக்சரி என்ற நிறுவனத்தை வாங்கி, முகத்தில் அசையும் எஃபெக்டுகளை (அவர்கள் வைத்த பெயர் லென்ஸ்) கேமராவுக்குள்ளேயே வைத்தது. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரிசையாக வந்து நின்றன. பிறகு இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில், நண்பரின் படத்துக்கு மேலேயே எஃபெக்டின் பெயர் தெரியத் தொடங்கியது. தொட்டால் உடனே உங்கள் முகத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒருத்தி போட்டிருக்கும் சட்டையைத் தொட்டதும் அது நம் உடம்பில் வந்து உட்காருகிறது என்றால் துணிக்கடையின் கதி என்ன ஆகும்? எஃபெக்டுகளுக்கு அதுதான் ஆயிற்று.

இறங்குவது எப்படி

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1904இல் ஃபேஷனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: மனிதனுக்குப் பிறரோடு சேரவும் வேண்டும், பிறரிடமிருந்து பிரிந்து தெரியவும் வேண்டும். ஃபேஷன் இரண்டையும் ஒரே நேரத்தில் தருகிறது. மேல்தட்டினர் அணிவதைக் கீழ்த்தட்டினர் எடுத்துக்கொண்டதும், மேல்தட்டினர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகிறார்கள். ஆகவே ஃபேஷனுக்குள்ளேயே அதன் சாவு இருக்கிறது. பரவுவதே அதன் நோக்கம், முழுக்கப் பரவிவிட்டால் அது ஃபேஷன் இல்லை.

‘மேல்தட்டு’ என்பதை எடுத்துவிட்டு ‘முதலில் போட்டவர்’ என்று வைத்துப் படித்தால் சமூக ஊடகத்துக்கு அப்படியே பொருந்தும். ஓர் எஃபெக்டின் அழகில் எந்த மாற்றமும் நடப்பதில்லை. எக்ஸ்-ப்ரோ டூவின் கர்வ் 2011இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் எப்போதும் இருக்கும். மாறியது, அதைப் போட்டவரைப் பற்றி அது சொன்ன செய்தி. முதலில் ‘இவருக்கு ரசனை இருக்கிறது’ என்று சொன்னது. பிறகு ‘இவருக்கும் இது தெரியும்’ என்றது. கடைசியில் ‘இவர் ஒரு பொத்தானைத் தட்டினார்’ என்று சொல்லத் தொடங்கியது. கூச்சத்தைப் போக்க வந்த ஃபில்டரே கூச்சமாக மாறுகிற இடம் அது.

அப்புறம் எதிர்வினை கிளம்பும். அது பெரும்பாலும் நேரெதிர்த் திசையில்தான் போகும். எக்ஸ்-ப்ரோவின் அடர்நிறம் திகட்டியதும் விஎஸ்சிஓவின் வெளுப்பு வந்தது. வெளுப்பு எங்கும் நிறைந்ததும், துலக்கமான, ஒழுங்காக அடுக்கிய, வெள்ளைப் பின்னணிப் படங்கள் வந்தன. அந்த ஒழுங்கும் மூச்சுமுட்டத் தொடங்கியதும் கலங்கிய, சாய்ந்த, பத்துப் படத்தை ஒன்றாகக் கொட்டுகிற வழக்கம் வந்தது. 2022இல் பீரியல் என்ற செயலி சக்கைப்போடு போட்டது. நாளில் ஒரு தடவை, எதிர்பாராத நேரத்தில் மணி அடிக்கும். இரண்டு நிமிடத்துக்குள் முன் கேமராவிலும் பின் கேமராவிலும் இருக்கிறபடி எடுத்துப் போட வேண்டும், ஃபில்டரே கிடையாது. அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் செயலி அதுதான். ஃபில்டர் போடாததும் ஒரு ஃபேஷன்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த மவுசும் ஓரிரு ஆண்டில் வடிந்துவிட்டது.

எறும்பு ஊர்வதுபோல மெல்ல நடந்த இந்தச் சுற்று இப்போது ஓட்டமாகிவிட்டது. வண்ண ஃபில்டர்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. நாய்க்காது ஒன்றிரண்டு ஆண்டு. 2016 ஜூனில் ப்ரிஸ்மா வந்தது. எந்தப் படத்தையும் ஓவியப் பாணிக்கு மாற்றித் தரும் அந்தச் செயலி ஒரு கோடைக்குள் உலகைச் சுற்றிவிட்டு ஓய்ந்தது. 2019 ஜூலையில் ஃபேஸ்ஆப்பின் கிழவன் கிழவி முகம், சில வாரம். 2022 கடைசியில் லென்சா என்ற செயலி ஏஐயால் வரைந்து தந்த மாய அவதாரங்கள், அதுவும் சில வாரம். 2025 மார்ச்சில், ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ கார்ட்டூன்களின் பாணியில் சாட்ஜிபிடி வரைந்த படங்கள் வந்தபோது, எங்கள் கணினிகள் உருகுகின்றன என்று அதை உருவாக்கிய ஓபன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மன் எழுதும் அளவுக்குக் கூட்டம். அடுத்த மாதமே கூட்டம் தன்னைப் பெட்டியில் அடைத்த பொம்மையாக வரையச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு வேகம்? விலை இல்லை, உழைப்பு இல்லை என்பது ஒரு பதில். அலமாரியில் இருக்கும் சட்டையை ஒருநாளில் தூக்கிப்போட மனம் வராது, காசு கொடுத்து வாங்கியது. எஃபெக்டைக் கைவிட எதுவும் செலவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். எந்த எஃபெக்டை ஒரு நொடியில் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறதோ, அது சீக்கிரம் சாகும். நாய்க்காதுக்கு ஒரே ஒரு தோற்றம்தான். ஆயிரம் பேர் போட்டால் ஆயிரமும் ஒன்று. மாறாக, படத்தைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்குவது, நிழலைச் சற்றே தூக்குவது போன்றவற்றுக்கு முகம் கிடையாது. அவற்றைப் போட்டிருப்பதே தெரியாததால் அவை அலுப்பதும் இல்லை. பளிச்சென்று அடிக்கும் பூப்போட்ட சட்டையை அடுத்தடுத்த நாள் போட்டால் ஊர் கவனிக்கும், வெள்ளைச் சட்டையை யார் கணக்கெடுக்கிறார்கள்?

சாகாத ஒன்று

இந்த இடத்தில்தான் ஃபேஷன் ஒப்பீடு கொஞ்சம் இடிக்கிறது. தோலை வழவழப்பாக்குவது, முகத்தை மெலிய வைப்பது, கண்ணைப் பெரிதாக்குவது என்ற அழகூட்டும் வகை மட்டும் இறங்கவே இல்லை. அது மறைந்துகொண்டது. தொடக்க கால அழகு ஃபில்டர்களில் முகத்துக்குக் குறுக்கே கையை வீசினால் பூச்சு ஒரு கணம் நழுவிக் குதிக்கும், பார்க்கிறவருக்குக் குட்டு வெளிப்படும். 2023 பிப்ரவரியில் டிக்டாக்கில் வந்த போல்ட் கிளாமர் என்ற அழகு ஃபில்டர் பரபரப்பானதற்குக் காரணமே கையை வீசினாலும் அது நழுவவில்லை என்பதுதான். பல கைபேசிகளின் முன் கேமராவில் இந்த வேலைக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பூச்சுக்குத்தான் பருவம் உண்டு, தெரியாததற்கு இல்லை.

தெரியாததுதான் அதிகம் தொந்தரவு செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாய்க்காதைப் பார்த்துத் தன் காதை நொந்துகொண்டவர் யாரும் இல்லை. வழவழத் தோலைப் பார்த்துத் தன் தோலை நொந்துகொண்டவர்கள் ஏராளம். முகத்தில் அறுவை சிகிச்சைக் கோடுகள் வரைந்ததுபோலக் காட்டிய எஃபெக்டுகளையும் அதை ஒட்டியவற்றையும் நீக்குவதாக இன்ஸ்டாகிராம் தரப்பு 2019 அக்டோபரில் அறிவித்தது. நார்வேயில், உடல் வடிவமோ தோலோ திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. காசு வாங்கிக்கொண்டு பதிவு போடும் இன்ஃப்ளூயன்சர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

உடைக்கும் எஃபெக்டுக்கும் இன்னொரு வேறுபாடு, சொந்தம். பழைய பெல்பாட்டம் பரணில் கிடக்கும், வேண்டும்போது எடுக்கலாம். எஃபெக்ட் உங்கள் கையில் இல்லை. இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஜனவரி 14 அன்று, வெளியார் எஃபெக்ட் செய்து ஏற்றப் பயன்படுத்திய ஸ்பார்க் ஏஆர் தளத்தை மூடியது. தனியாட்களும் நிறுவனங்களும் செய்துவைத்திருந்த முக எஃபெக்டுகள் அன்றோடு கேமராவிலிருந்து காணாமல்போயின. மவுசு குறைந்து செத்தவையும் அதில் உண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும் உண்டு. உடை உலகில் இதற்கு இணை கிடையாது.

படத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். எஃபெக்ட் போய்விடும், அது ஏறிய படம் அப்படியே நின்றுவிடும். கைபேசியின் சொந்த கேலரியில் திருத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் செயலியின் கேமராவுக்குள் எஃபெக்டைப் போட்டே எடுத்த படத்துக்கு மூலப்படம் என்று ஒன்று பொதுவாக மிஞ்சுவதில்லை. கர்வில் பார்த்த அந்த 30 எப்போதும் 30தான், அதன் அடியில் இருந்த 0 திரும்பாது. முக்கியமான நாளாக இருந்தால் சாதாரண கேமராவில் ஒன்று எடுத்துவிட்டு அப்புறம் விளையாடுங்கள்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க

ஓர் எஃபெக்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க எண்ணிக்கையை எண்ண வேண்டியதில்லை, யார் போடுகிறார்கள் என்று பாருங்கள். ‘எப்படிச் செய்தாய்’ என்று கருத்துரையில் கேட்டுக்கொண்டிருந்தால் அது இன்னும் இளசு. பொருள் விற்கிற நிறுவனங்களின் விளம்பரத்தில் வந்துவிட்டால் உச்சி தாண்டிவிட்டது என்று அர்த்தம். விளம்பரத்துக்கு அனுமதி வாங்கி, வடிவமைத்து, வெளியிடுவதற்குள் காற்று திரும்பியிருக்கும். அதைக் கிண்டலடிக்கும் மீம்கள் வந்துவிட்டால் முடிந்தது. அரசுத் துறையின் விழிப்புணர்வுப் படத்தில் வந்துவிட்டால் பால் ஊற்றிவிடலாம்.

முடிந்தது என்றால் ஒரேயடியாக முடிந்ததும் இல்லை. ஆங்கிலேய உடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937இல் ஒரு கணக்குப் போட்டார். ஓர் உடை தன் காலத்துக்குப் பத்தாண்டு முன்னால் வந்தால் ஆபாசம், ஓராண்டு முன்னால் வந்தால் துணிச்சல், தன் காலத்தில் மிடுக்கு. ஓராண்டு கழித்து அசமந்தம், பத்தாண்டு கழித்து அருவருப்பு, இருபதாண்டு கழித்துக் கேலிக்கூத்து, முப்பதாண்டு கழித்து வேடிக்கை. நூறாண்டு போனால் காவியச் சாயல், நூற்றைம்பது போனால் அழகு. பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மிக மட்டமாகத் தெரிவது நேற்றைய பொருள்தான், நெடுநாள் பழசு அல்ல என்ற கவனிப்பு கூர்மையானது. ஐந்து வருஷத்துக்கு முன் போட்ட படத்தை அழிக்கக் கை பரபரப்பதும், தாத்தாவின் மங்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதும் இதனால்தான்.

திரும்பி வருதல் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. 2018இல் ஹுஜி என்ற செயலி பரவியது. 1998ஆம் ஆண்டின் தூக்கியெறியும் கேமராவில் எடுத்ததுபோல ஓரத்தில் சிவப்பு வழிந்து, மூலையில் 98 என்று தேதி அச்சாகி வரும். போட்டவர்களில் பலர் அந்த ஆண்டில் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள். அதன் பிறகு இளைஞர்கள் 2000களின் சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். நேராக முகத்தில் அடிக்கும் ஃப்ளாஷ், சிவந்த கண், இருண்ட பின்னணி என்று அன்றைக்கு எல்லோரும் திட்டிய அத்தனையும் இன்றைக்கு வேண்டும். இன்றைய கைபேசி ஒரு படத்துக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வானத்தை இறக்கி, எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிடுகிறது. ஃபில்டரே போடாத படமும் ஒரே அச்சாகிவிட்டது. அந்தத் தெளிவின் மேல் வந்த அலுப்புதான் பழைய ஃப்ளாஷுக்கு மவுசு கொடுத்திருக்கிறது.

அடுத்து எது திரும்பும் என்று கேட்டால், இப்போது எதைப் பார்த்து முகம் சுளிக்கிறோமோ அதைத்தான் காட்டுவேன். 2022ஆம் ஆண்டின் ஏஐ படங்களில் கைக்கு ஆறு விரல் இருக்கும், ஒரு காதில் மட்டும் தோடு இருக்கும், பின்னால் உள்ள பலகையில் எழுத்துபோல ஏதோ நெளிந்திருக்கும். புதிய ஏஐ மாடல்கள் இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டன. சரியாகிவிட்டதால் இனி அந்தக் கோளாறு அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கே உரிய முத்திரை. நல்ல படத்தில் வேண்டுமென்றே ஆறாவது விரலை ஒட்டித் தரும் எஃபெக்ட் ஒன்று வரும், அதற்கும் கூட்டம் சேரும். லேவர் கணக்குப்படி அது வேடிக்கையாக முப்பதாண்டு ஆக வேண்டும். இருக்கிற வேகத்தைப் பார்த்தால் பத்துக்கூட ஆகாது.